கருவாட்டுக் கடைக்கு மேலே ஒரு கடல்

ஸ்டீவன் அடித்த ஐந்தாவது பந்தும் கடலில் போய் விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அடடா, இந்தக் காத்து இருக்கே!" என்று ஒப்புக்குச் சலித்துக்கொண்டார்.

காற்று மூலையில் நின்ற மின்விசிறியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கடல் சுவரை மறைத்த பெரிய திரையில் இருந்தது. ஸ்காட்லாந்தின் பழைய கடற்கரை கோல்ஃப் மைதானங்களைத் திரையில் காட்டி, உள்ளேயே ஆடவிடும் கூடம் அது. யாங்கோன் நகரின் லான்மடா பேட்டையில் ஒரு கருவாட்டுக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. கீழேயிருந்து ஏறி வந்த வாசனை ஒன்றுதான் கடற்கரைக்குக் கொஞ்சம் பொருத்தமாக இருந்தது.

ஸ்டீவன் நன்றாக ஆடக்கூடியவர். இன்று தோற்பதற்கென்றே வந்திருந்தார். எதிராளி முரளிதரனுக்குப் பக்கத்து ஊரான தன்லியினில் நூடுல்ஸ் ஆலை இருந்தது. அந்த ஆலையின் சரக்கை ஏற்றும் காண்ட்ராக்ட் கிடைத்தால், இரண்டு மாதமாகத் தாகேதா பேட்டையில் சும்மா நிற்கும் ஸ்டீவனின் மூன்று லாரிகளும் ஓடும்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் மனைவி மக்தலேனா வாசலில் நின்று எச்சரித்திருந்தாள். "ஜெயிச்சுக் கிழிச்சிட்டு வந்துராதீங்க. பெரிய மனுஷங்களுக்குத் தோத்தா தூக்கம் வராது. எனக்கு ஸ்கூல்ல அட்மிஷன் நேரம், போன்கூட எடுக்க முடியாது. நீங்களாப் பார்த்துத் தோத்துட்டு வாங்க!"

முரளிதரன் வந்ததும் வராததுமாக இரண்டு கிலோ பத்தேன் ஊர் ஹல்வாவை நீட்டினார். "மேடத்துக்கு" என்றார். எவ்வளவு தங்கமான மனிதர் என்று ஸ்டீவன் நெகிழ்ந்துபோனார்.

ஆனால் ஆட்டம்தான் உதைத்தது. முதல் குழியிலேயே முரளிதரன் ஏழு பந்துகளைக் கடலுக்குக் கொடுத்தார். இரண்டாவதில் மணல் பள்ளத்துக்குள் இறங்கியவர், பதினோரு அடி அடித்தும் மேலே ஏறவில்லை.

கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி. இந்த மனிதரிடம் எப்படித்தான் தோற்பது? ஸ்டீவனுக்கு வியர்த்தது.

மூன்றாவது குழியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பாழாய்ப்போன பந்து நேராகக் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பிரமாதம், கோ ஸ்டீவன்!" முரளிதரன் துள்ளிக் குதித்துக் கைதட்டினார். இளையவருக்கு 'கோ', பெரியவருக்கு 'ஊ' என்பது பர்மிய மரியாதை.

"குருட்டு அதிர்ஷ்டம், ஊ முரளி. மன்னிச்சிருங்க."

"யாபாடே, பரவாயில்ல! இதுல என்ன இருக்கு? இப்படியே அடிங்க!"

அதன்பிறகு ஸ்டீவன் முழுமூச்சாக இறங்கினார். இடது கையால் அடித்தார். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை சோபாவுக்கு அடித்தார். அடுத்த முறை முரளிதரன் கூரைக்கு அடித்தார். டியூப்லைட் ஒன்று உடைந்தது.

கல்லாவில் இருந்த கூடத்துக்காரர் அஷ்ஃபாக் எழுந்தே வந்துவிட்டார். "ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி விளையாடியிருக்கீங்களா, இல்ல, யார் மேலயாவது கோவமா?"

நடுவில் ஒரு முறை கரண்ட் போனது. ஆடியதெல்லாம் அழிந்து தொலையட்டும் என்று இருட்டில் இரண்டு பேருமே வேண்டிக்கொண்டார்கள். ஜெனரேட்டர் ஓடியதும் திரை எல்லாவற்றையும் ஞாபகமாகத் திருப்பிக் காட்டியது.

ஒன்பதாவது குழி. கடைசி. ஸ்டீவன் அரும்பாடு பட்டு, மொத்தம் எழுபத்தொன்பது அடிகளில் முடித்தார். முரளிதரன் எழுபத்தேழில் நின்றார். அவருடைய பந்துக்கும் குழிக்கும் நடுவே அரை அடி தூரம்கூட இல்லை.

தட்டிவிட்டால் வெற்றி. முரளிதரன் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"மெதுவா ஒரு தட்டு, ஊ முரளி. அவ்வளவுதான்" என்று ஸ்டீவன் கெஞ்சினார்.

முரளிதரன் சட்டென்று திரும்பி, குழிக்கு நேர் எதிர்த்திசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து மின்விசிறியின் இரும்புக் காலில் பட்டு, சுவரில் மோதி, அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, திரையைப் பார்த்து உருண்டது. திரையில் பந்து குழிக்குள் இறங்கியது. கடற்கரை முழுக்கக் கைதட்டல்.

"ஜெயிச்சிட்டீங்க!" ஸ்டீவன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

முரளிதரன் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

ஸ்டீவன் அவர் பக்கத்தில் குனிந்தார். "என்னங்க, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? அந்த லாரி விஷயம்..."

"நாளைக்கே லாரியை அனுப்புங்க. மூணும் அனுப்புங்க. காண்ட்ராக்ட் உங்களுக்குத்தான்."

ஸ்டீவன் நன்றி சொல்ல வாயெடுத்தார். முரளிதரன் அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல மட்டும் நீங்கதான் ஜெயிச்சீங்கன்னு சொல்லிருங்க... ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் மனசு வச்சாத்தான் என் பேத்திக்கு எல்.கே.ஜி. சீட்டு!"