காலை ஆறரை மணி வெயில்

"ஜன்னலே இல்லாத ரூம்ல ஜன்னல் வெளிச்சத்துக்கு எங்க சார் போவீங்க?"

கேட்டவர், விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்று போட்டோகிராபரைக் கூட்டிவந்திருந்த கறுப்புக் கண்ணாடிக்காரர். அறைக்குள் வந்தும் அந்தக் கண்ணாடியை அவர் கழற்றவில்லை.

"ஜன்னலைக் கையோட கொண்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து மரச்சட்டங்களை உருவினார் போட்டோகிராபர்.

பட்டப்பகலிலும் பல்பு எரிகிற அறை அது. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் பளபளவென்று ஒரு பீங்கான் ஜாடி, திறந்து வைத்த புத்தகம், ஒரு கோப்பை. "பார்த்தா காலையில ஆறரை மணி மாதிரி இருக்கணும்" என்பது உத்தரவு. விளம்பரம் எதற்கு என்று போட்டோகிராபர் கேட்கவில்லை. ஜாடி வியாபாரம் போலிருக்கிறது என்று அவராகவே வைத்துக்கொண்டார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் வாடிக்கையாளரிடம் கேட்டுப் பழக்கமில்லை அவருக்கு.

விளக்கைப் போட்டார். ஜாடியின் நிழல் மேசைமேல் வெட்டி ஒட்டியதுபோல விழுந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு நல்லா இருக்கும். என் வீட்டுக்காரி பார்த்தா பஸ் ஸ்டாண்டு லைட்டுன்னு சொல்லுவா."

அதுதான் அவருடைய தீராத வயிற்றெரிச்சல். ஊரே மெச்சுகிற படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும், அவர் மனைவி அதில் பளபளப்பான சாமான் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். அதன்மேல் மின்னும் வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து, "இதோ உங்க பல்பு" என்று விரலை வைப்பாள். கல்யாணமான இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் ஏமாந்ததில்லை. அவள் வாயால் ஒரே ஒரு தடவை 'இது நிஜ வெயில்' என்று கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டார். நிழலின் ஓரம் லேசாகக் கரைந்தது. விளக்கை இரண்டடி பின்னால் தள்ளி, தாளுக்கு முன்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினார். வெளிச்சம் துணி முழுக்கப் பரவி, மெத்தென்று மேசையில் இறங்கியது. ஆனாலும் ஜாடியின் வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. சட்டங்களைக் கூட்டி ஜன்னல்போல் கட்டி, துணிமேல் சாய்த்தார். வெள்ளைத் திட்டு, நாலு கட்டம் போட்ட குட்டி ஜன்னலாக மாறியது.

அந்த நேரம் பார்த்து மனைவி போனில் வந்தாள்.

"ஏங்க, மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். அந்த நினைப்பு இருக்கா?"

"வேலையில இருக்கேன்மா."

"நாலு வீடு பார்த்துட்டேன். நாலும் இப்ப இருக்கிற குகை மாதிரியேதான். துணி காயறதுக்குள்ள நாத்தம் அடிக்குது. ஒரு துண்டு வெயில் விழுந்தாப் போதுங்க எனக்கு."

"நீயே பார்த்து முடிவு பண்ணு. என்னைவிட உன் கண்ணுதான் கெட்டி" என்று போனை வைத்தார்.

படத்தை எடுத்துக் கேமராவிலேயே காட்டினார். கறுப்புக் கண்ணாடிக்காரர் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இப்பத்தான் விடிஞ்ச மாதிரி இருக்கு. எனக்குக் கொட்டாவியே வருது."

நாலு நாள் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தார் போட்டோகிராபர். இன்றைக்கு இவளிடம் காட்டி ஒரு கை பார்த்துவிடுவது என்ற தீர்மானத்தோடு பைக்குள் கையை விட்டார்.

அதற்குள் மனைவியே முந்திக்கொண்டாள். "வீடு முடிச்சாச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டாச்சு."

"போய்ப் பார்த்தியா?"

"சாவி யார்கிட்டயோ இருக்காம். அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் போட்டிக்கு வந்துட்டாங்க. தரகர் ஒரு போட்டோ காட்டினார். அது ஒண்ணே போதும்னு போட்டுட்டேன்."

செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேசை, புத்தகம், கோப்பை. ஜாடியின் வயிற்றில் நாலு கட்டம் போட்ட குட்டி ஜன்னல்.

பைக்குள் போன கை அப்படியே நின்றது.

"நல்லாத் தேடிப் பாருங்க, எங்கயாவது பல்பு தெரியுதா? இது நிஜ வெயில்" என்றாள் அவள். "இந்தப் படத்தை எடுத்தவர்கிட்டப் போய் நீங்க ஒரு நாலு நாள் கத்துக்கிட்டு வாங்க."