மூன்றாவது துளை

ஏரிக்கரை வேங்கை மரத்தில் இரண்டு துளைகள் இருந்தன. எந்தத் தலைவனுக்கும் இரண்டு மழைக்காலம்தான் என்று காடே கூடி முடிவெடுத்த அன்று, மழைக்காலத்துக்கு ஒன்றாக மரங்கொத்தி கொத்தியவை அவை.

தன் இரண்டாம் மழைக்காலம் முடிந்ததும் தலைவன் காட்டெருமை மரங்கொத்தியிடம் வந்தது. "இன்னொரு துளை போடு. காடே கேக்குது."

சுற்றிலும் நின்ற மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மரங்கொத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார் கேட்டா? ஒரு பேரைச் சொல்லு!"

காட்டெருமை கொம்பால் குத்தி, இரண்டு துளைகளையும் பட்டையோடு பெயர்த்துப் போட்டது. "இனி விதியே கிடையாது."

"அடப்பாவி! அந்த விதிக்கு அடங்கி பழைய தலைவன் யானை இறங்கினதாலதானே நீ தலைவனான? விதி போனா நீ வெறும் எருமை!"

ஒரு மான் முதுகைக் காட்டி நடந்தது. பிறகு மற்றவையும் நடந்தன.

"நில்லுங்க!" என்று காட்டெருமை கத்தியது.

எதுவும் நிற்கவில்லை.