இருபத்தொன்று

யுஸ்ராவை இரண்டாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பும் காகிதத்தில் இனாஸ் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

எகிப்தில், தமன்ஹூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் இனாஸ் அப்லா.

யுஸ்ரா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடம் உள்ள நாட்களில் காலையில் தின்றதைப் பள்ளி வாசலிலேயே வாந்தி எடுத்துவிடுவாள். இன்றும் எடுத்திருந்தாள்.

அவள் அம்மா ஸபாஹ் ஒரு பழைய நோட்டை மேஜைமேல் வைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். நட்சத்திரம் ஒட்டிய பக்கங்களை மட்டும் ஓரம் மடித்து வைத்திருந்தாள்.

"பாருங்க அப்லா. துனிசியாவுல இவ கணக்குப் புலி. நம்ம நைல் தண்ணியக் குடிச்சதும் பூனையாயிட்டா."

வேண்டா வெறுப்பாகத்தான் இனாஸ் நோட்டைப் புரட்டினாள்.

1, 2, 3 என்று இங்கே ஆங்கிலப் பாடத்தில் மட்டும் எழுதுகிற எண்கள். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அவைதான் போலிருக்கிறது. பன்னிரண்டும் எட்டும் இருபது. பக்கத்தில் தங்க நிற நட்சத்திரம்.

இருபதின் கடைசியில் ஒரு வட்டம்.

இனாஸ் அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

இங்கே எழுதுகிற அரபி எண்களில் வட்டம் என்றால் ஐந்து. சைபர் வெறும் புள்ளி. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவே இல்லை.

அலமாரியைத் திறந்து, பள்ளி திறந்த மாதத்து விடைத்தாள்களை இழுத்துப் போட்டாள்.

மற்ற எண்களையெல்லாம் பதினைந்தே நாளில் மாற்றிக்கொண்ட பெண், சைபரை மட்டும் கை பழகினபடி வட்டமாகவே போட்டிருந்தாள். இருபது என்று எழுதியதை இனாஸ் இருபத்தைந்து என்று படித்திருக்கிறாள். முப்பதை முப்பத்தைந்து என்று. எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி. ஒரு தாளில் 'மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?' என்று இனாஸே எழுதியிருந்தாள். அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டியதும் ஞாபகம் வந்தது.

அப்புறம் ரமலானுக்குப் பிந்திய தாள்கள்.

அவற்றில் சைபரில் முடியவேண்டிய ஒரு விடையிலும் வட்டம் இல்லை. இருபது வரவேண்டிய இடத்தில் இருபத்தொன்று. முப்பது வரவேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. பெண் நாளுக்கு நாள் மக்காகிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

"ஏன் கண்ணு எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டிப் போட்டே?"

யுஸ்ரா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"சைபர் வந்தா நீங்க தப்புப் போடுவீங்க அப்லா."

கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதத்தை இனாஸ் கிழித்தாள். அவமானமாக இருந்தது. பெஞ்சின் பக்கத்தில் மண்டியிட்டு, தப்பு உன்மேல் இல்லை, என்மேல்தான் என்றாள். இங்கே சைபருக்குப் புள்ளி வைத்தால் போதும் என்று எழுதிக் காட்டினாள். பெண்ணும் அழகாக ஒரு புள்ளி வைத்தாள். இனாஸ் அந்த முதல் மாதத்துத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவள் கண் முன்னாலேயே சரி என்று திருத்தினாள். ஸபாஹ் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. பன்னெண்டும் எட்டும் எவ்வளவு?"

யுஸ்ரா நோட்டைப் பார்க்கவில்லை. இனாஸின் முகத்தைப் பார்த்தாள். அவள் விரல்களுக்கிடையே இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"இருபத்தொண்ணு," என்றாள்.