காதுக்கொரு நாடகம்

எவர் காதிலோ கிடந்த ஹெட்போன் என்று முகம் சுளித்த பெரியவர், அதைக் கைக்குட்டையால் மூன்று முறை துடைத்தார்.

"காதையே வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்திருக்கலாம்" என்றாள் மனைவி.

அந்த நாடக அரங்கில் நடிகர்கள் வாயசைக்க, ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் ஏற்ற வசனத்தை ஏ.ஐ. அப்போதைக்கப்போது எழுதிக் காதில் சொல்லும். விவரம் கேட்ட படிவத்தை அவர் நிரப்பவில்லை.

"நம்ம வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது."

நடிகை வாய் திறந்தாள். "அண்ணா, கதவைத் திற. தண்ணியாவது குடு" என்றது அவர் தங்கையின் குரல். குடும்ப மானத்துக்காக அவர் ஓர் அறையில் பூட்டிவைத்துச் சாகவிட்டவள். காய்ச்சலில் போனாள் என்றுதான் மனைவிக்கும் சொல்லியிருந்தார்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். அதே குரல் அரங்கிலிருந்த முந்நூறு பேர் காதிலும் ஒலித்திருந்தது; பிணவாடை அடித்ததுபோல் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எத்தனை நாளுங்க பூட்டி வச்சிருந்தீங்க?" என்ற மனைவி, அவருடைய கைக்குட்டையை எடுத்து, அவர்மேல் உரசியிருந்த தன் கையைத் துடைக்கத் தொடங்கினாள்.