ஜ்யோத்ஸ்னா போன தூது

லோதி ரோடு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜ்யோத்ஸ்னாவை அருள்ராஜ் கூப்பிட்டார்.

"மேடத்துக்கும் எனக்கும் ரெண்டு நாளா பேச்சில்லை. எனக்காகத் தூது போம்மா."

"தூதுன்னா என்ன சார்?" டில்லியிலேயே பிறந்தவள் விழித்தாள்.

"நான் சொல்றதை அங்கேயும், அவங்க சொல்றதை இங்கேயும் அப்படியே சொல்லணும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நாளைக்கு என் மாமியார் வர்றாங்க, ஸ்டேஷன் போக லீவு வேணும்."

மேடத்தின் அறைக்குப் போய் வந்தாள். "அரை நாள்தானாம் சார்."

"புழுங்கலரிசி மூட்டையோட வருவாங்க, பத்தாதுன்னு சொல்லு."

மறுபடி போனவள் குழப்பத்தோடு திரும்பினாள்.

"அச்சா சார், முழு நாளும் குடுத்துட்டாங்க. ஆனா, 'எங்கம்மாகிட்ட நம்ம சண்டையைச் சொல்லிடாதீங்க'ன்னு சொல்லச் சொன்னாங்க. மேடத்தோட அம்மா எதுக்கு நடுவுல வர்றாங்க?"

"அவங்கதாம்மா நாளைக்கு ரயில்ல வர்றாங்க."