நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

முதலில் அழுத்தியது சைரனையா, ஷட்டரையா?

அவளுக்கு நினைவில்லை.

தினமும் பிற்பகலில் கதவணைக் கட்டுப்பாட்டு அறையில் இதே நாற்காலி, இதே இரண்டு பொத்தான்கள். முதலில் சைரன். ஆற்றில் இருப்பவர்கள் கரையேற மூன்று நிமிடம். பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிடும் ஷட்டர். ஒன்றரை வருடமாகக் கை தானாகச் செய்கிற வேலை. இன்று அந்த நேரம் பார்த்து மேலே உள்ள அணையிலிருந்து தொலைபேசி. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நீரளவைக் குறித்தாள். குறித்தது நினைவிருக்கிறது.

இன்னொரு கை என்ன செய்தது என்பது நினைவில்லை.

நேற்றை நினைத்தால் இன்று போல இருக்கிறது. இன்றை நினைத்தால் நேற்று போல.

கதவணையின் காவலர் சென்னியப்பன் ஆற்றிலிருந்து பேசிப் பத்து நிமிடம் ஆகிறது.

“அம்மிணி, மேல்பாறைல துணி காயுதுங்க. சோப்புப் பொட்டி தொறந்தமேனிக்குக் கெடக்குது. ஆளத்தான் காணோம். கீழ போயிப் பாக்கறனுங்க.”

அவள் பதிவுகளைத் திறந்தாள்.

இங்கே நடப்பதையெல்லாம் கணினி சேர்த்து வைக்கும். எது நடந்தது, எந்த விநாடி. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வரிகள். அவற்றில் பெரும்பாலானவை, “இருக்கிறேன், இருக்கிறேன்” என்று கருவிகள் சில விநாடிக்கொரு முறை சொல்லிக்கொள்பவை. அவற்றை ஒதுக்கிவிட்டால் மனிதர் செய்தது மட்டும் தெரியும்.

ஒதுக்கினாள். பிற்பகலுக்கு இரண்டே வரிகள் மிஞ்சின.

3:07:05. சைரன் ஒலித்தது.

3:10:20. ஷட்டர் திறந்தது.

மூன்று நிமிடம் பதினைந்து விநாடி.

மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் மூச்சு வந்தது.

பெரிய பொறியாளர் அழைத்தார். இரண்டு வரிகளையும் வாசித்துக் காட்டினாள்.

“அப்புறம் என்னம்மா பயம்? நம்ம சைரனுக்கு சுடுகாட்டுல படுத்திருக்கறவனே எந்திரிச்சு ஓடுவான். பன்னெண்டு மணிலருந்து நாலு மணி வரைக்கும் லாக் எடுத்து எனக்கு மெயில் பண்ணு. அது போதும்.”

பதிவைக் கோப்பாக எடுப்பது எளிது. சின்னக் கட்டம் ஒன்று திறக்கும். எந்த நேரத்திலிருந்து, எந்த நேரம் வரை என்று கேட்கும். சொன்னால் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தரும்.

பன்னிரண்டு என்று அடிக்கப் போனாள்.

கண் மறுபடி அந்த இரண்டு வரிகளுக்குப் போனது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதை எழுதியது யார் என்று இருக்கும். ஷட்டர் வரியை எழுதியது இந்தக் கணினி. சைரன் பொத்தான் நேரே சைரன் பெட்டிக்குப் போகிறது; அந்த வரியை எழுதியது அந்தப் பெட்டி.

இரண்டு பேர். இரண்டு கடிகாரங்கள்.

கணினியின் கடிகாரத்தைத் தலைமை அலுவலகம் தினமும் திருத்துகிறது. சைரன் பெட்டி கம்பத்தின் மேல், தகரக் கூரைக்கு அடியில், யாரும் தொடாமல் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு படிகம் அதிர்ந்து அதிர்ந்து விநாடிகளை எண்ணுகிறது. வெயிலில் அது கொஞ்சம் சோம்பும். நாளைக்கு அரை விநாடிதான். ஒரு நாளில் யாருக்கும் தெரியாது.

ஒன்றரை வருடத்தில்?

இரண்டு பெட்டிகளும் ஒரே நேரத்தில் பார்த்த ஒன்று வேண்டும்.

காலையில் மின்சாரம் போனது. இரண்டுமே பேட்டரியில் ஓடுபவை. இரண்டுமே அதை எழுதியிருக்கும்.

பக்கத்தை மேலே தள்ளினாள்.

கணினி: 9:41:02. மின்சாரம் போனது.

சைரன் பெட்டி: 9:36:50. மின்சாரம் போனது.

சைரன் பெட்டி நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பின்தங்கியிருந்தது.

தாளில் கூட்டினாள். சைரன் சொன்ன 3:07:05 உண்மையில் 3:11:17. ஒரு முறை சரிபார்த்தாள். பென்சிலை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை.

ஷட்டர் திறந்து ஐம்பத்தேழு விநாடி கழித்துத்தான் சைரன் ஒலித்திருக்கிறது.

தண்ணீர் துவைக்கிற பாறையை எட்ட ஒன்றரை நிமிடம். அதில் மீதி முப்பத்து மூன்று விநாடி.

சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்க்க எத்தனை விநாடி? இடுப்பளவு தண்ணீரில் திரும்ப?

கணக்கை நிறுத்த முடியவில்லை.

கட்டம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த நேரத்திலிருந்து?

பன்னிரண்டு என்று அடித்தால் போதும். அவள் எதையும் அழிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். ஒரு எழுத்தும் பொய்யில்லை. காலை வரிகள் அதில் வராது. யாரும் கேட்கப்போவதுமில்லை. பெரிய பொறியாளரே சொன்ன நேரம்.

செல்பேசி அதிர்ந்தது.

சென்னியப்பன்.

கை நீண்டது. பாதியில் நின்றது.

எடுத்தால் தெரிந்துவிடும். ஆள் கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தால், இது யாருக்கும் தேவையில்லாத ஒரு கோப்பு. இல்லையென்றால், காலை நேரத்தை அடிக்க அவளுக்குத் தைரியம் இருக்காது.

அதிர்வு நின்றது. மறுபடி தொடங்கியது.

அவள் ஒன்பது என்று அடித்தாள். விரல் தவறி எட்டு விழுந்தது. அழித்து மறுபடி அடித்தாள்.

கோப்பு வந்தது. மெயிலில் சேர்த்தாள். கீழே ஒரு வரி: சைரன் பெட்டியின் கடிகாரம் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பின்தங்கி ஓடுகிறது. காலை மின்வெட்டு வரிகளைப் பார்க்கவும்.

செல்பேசி மேசையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது.

அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எடுத்தாள்.

“சொல்லுங்ண்ணா.”

மறுமுனையில் முதலில் ஆற்றுச் சத்தம்தான் கேட்டது.