உள்ளே மடித்த ஓரங்கள்

இராஜபாளையத்து டாக்டரின் மேசையில், கண்ணாடி பேப்பர்வெயிட்டுக்குள் மாலை வெயில் தேங்கியிருக்கிறது. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கும் சுயம்புலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “மதுரையில மனச்சோர்வுன்னாவ, திருநெல்வேலியில மனச்சிதைவுன்னாவ. எல்லா மாத்திரையும் முழுங்குதான், ஆனா ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேங்கான். ஆஸ்பத்திரியிலயே சேத்துக்கிடுங்க சார்” என்கிறாள் அக்கா பரிபூரணம். டாக்டர் அவனிடம் திரும்புகிறார். “தனியா இருக்கது கஷ்டமா இருக்காப்பா?” “இல்ல சார். பேசச் சொல்லுததுதான் கஷ்டம்.” டாக்டரின் பேனா எழுதாமல் நிற்கிறது. அக்கா விசும்பத் தொடங்குகிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையோரத்து மருந்துத் தட்டிலிருந்து கட்டுத்துணி ஒன்றை எடுக்கிறான். புண்ணில் நூல் ஒட்டாதிருக்க கம்பெனியில் மடிப்பதைப் போலவே, ஓரங்களை உள்ளே விட்டு மடித்து அவள் முழங்கையருகே வைக்கிறான். பிறகு தன் நாற்காலியை அவளிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்கிறான்.